மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்த விருந்தாளிகள்

நாள்: 9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை. நேரம்: காலை 6.40 மணி.

பொருள்: நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக இருந்து மறைந்த திரு. தணிகாசலம் அவர்களைக் குறித்து, கழக உறுப்பினர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் பள்ளிச் செயலர் எழுதுவது.

(இதே பொருளில் நேற்று அனுப்பிய பிரதியில் ஓரிடத்தில் கிழமை தவறாக இருந்தது. அப்பிரதியைக் கிழித்துவிட வேண்டுகிறேன்.)

அன்புடையீர்,

கடந்த பிப்ரவரி 27, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுவதாகத் தணிகாசலம் சொல்லியிருந்தார். வருகிற ஜூலையில் கொரியாவிலிருந்து இரண்டாம் முறையாக வரவிருக்கும் மாணவர்களுக்கு மெத்தை வாங்க நாங்கள் இருவரும் வாலாஜாபாத் போவதாக ஏற்பாடு. ஜூலைக்கு வேண்டிய மெத்தையைப் பிப்ரவரியில் வாங்குவானேன் என்று முந்தைய நாளே கேட்டிருந்தேன். "அப்பாலிக்கா வாங்கினா வெல ஏறிப்பூடும் சார்" என்றார். உண்மைக் காரணம் அதுவன்று; அவரால் ஜூலை வரை பொறுத்திருக்க முடியவில்லை. எட்டு மணி கடந்தது. எட்டரையும் கடந்தது. தாமதம் அவருக்குப் புதிதல்ல. வந்ததும் சொல்வதற்கு ஒரு கண்டன வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து, ஒரு முறை திருத்தியும் வைத்திருந்தேன். அப்போது அவருடைய மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். விடியற்காலையில் தணிகாசலம் நெஞ்சு வலி என்றிருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. அந்தக் கண்டன வாக்கியம் இன்னும் சொல்லப்படாமல் என்னிடமே இருக்கிறது.

இரங்கல் எழுதுவதற்குரிய தாழ்ந்த குரல் எனக்கு இப்போது வர மறுக்கிறது. தணிகாசலத்தை நினைத்தால் 2024 ஜனவரி நினைவுக்கு வருகிறது. அந்த ஜனவரியை நினைத்தால் இந்த வயதிலும் நாற்காலியை விட்டு எழுந்து நடக்கத் தோன்றுகிறது. எழுந்து நடந்துவிட்டு வந்துதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். தேதிகளில் எவருக்கேனும் மாற்றுக் கருத்து இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அவரை அறியாத பழைய மாணவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். பள்ளிக்கு அடுத்த கிராமத்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரகடத்தில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், உருவாகி வரும் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். மனைவி செல்வி வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஒரே மகன் பிரவீன் நம் பள்ளி மாணவன். குரல் பெரியது. மைக்கைக் கையில் கொடுத்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவார், மைக் தேவைப்படாது.

கொரியாவின் ஒரு துறைமுக நகரத்துப் பள்ளியிலிருந்து எட்டு மாணவர்களை ஓர் ஆசிரியையோடு அனுப்ப விரும்புவதாகக் கடிதம் வந்ததை, 8 அக்டோபர் 2023, ஞாயிற்றுக்கிழமை நடந்த கழகக் கூட்டத்தில் நான் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் மாணவர் வீடுகளில் தங்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். வீடுகள் சரிப்படுமா என்பதை உடன் வரும் ஆசிரியை முதல் நாளே பார்த்து முடிவு செய்வார். சரிப்படாவிட்டால் ஓட்டலுக்கு மாற்றிக்கொள்வார். கூட்டத்தில் பெரும்பாலானோர் ஓட்டலே மேல் என்றார்கள். நம் வீட்டில் ஏ.சி. ஏது, நம் குளியலறை அவர்களுக்கு ஒத்துவருமா, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது என்று நியாயமான கேள்விகள் எழுந்தன. நெடுஞ்சாலையில் இத்தனை ஓட்டல்கள் இருக்க நமக்கேன் சிரமம் என்று ஒருவர் முடித்தும் வைத்தார். தணிகாசலம் எழுந்தார்.

"நானும் இருவது வருஷமா பாத்துகினுகீறேன் சார். அவங்க ஊரு ஆளுங்க கம்பெனிக்கு வராங்க. மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட நிக்கிறாங்க. நான் இந்தாண்ட. பாக்கறாங்க, தலைய ஆட்றாங்க, சிரிக்கிறாங்க, பூட்றாங்க. சாப்பாடு அவங்களுக்குத் தனி ரூம்ல. என் கையால தொட்ட சாமான் அவங்க ஊர் ஃபுல்லா ஓடிகினுகீது, ஆனா என் வூட்டு வாசப்படிய ஒருத்தனும் மிரிச்சது கெடையாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எம் பொண்டாட்டி வெச்ச கொழம்ப அதுல ஒரு புள்ளையாச்சும் துன்னுட்டு, 'உப்பு கம்மி'ன்னு சொல்லணும்."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் இருந்த செல்வி அம்மையார், "உப்பெல்லாம் கரீட்டாத்தான் போட்றேன், நீ ஒக்காரு" என்றார். சிரிப்பு அடங்கியபோது ஓட்டல் பேச்சும் அடங்கியிருந்தது.

வீடுகளைப் பார்வையிடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல், கொசுவலை, கழிவறைத் தாழ்ப்பாள், குடிநீர் ஆகியவற்றைச் சோதித்தேன். தணிகாசலம் உடன் வந்தார். மூன்றாவது வீட்டு வாசலில் என் காதருகே குனிந்து, "சார், கொஞ்சம் சிரிச்சுகினே பாருங்க. பொண்ணு பாக்க வந்துட்டு ஜாதகம் சரியில்லன்ற மாதிரியே நிக்கிறீங்க. அந்தம்மா காப்பி போடலாமா வேணாமான்னு முழிக்குது" என்றார். காப்பி வந்தது. எட்டு வீடுகள் அமைந்தன. அதிலொன்று அவருடையது.

இனிப் பிழைக்கு வருகிறேன். பிழை என்று சொன்னாலும், அதை இந்தப் பக்கத்து மக்களைத் தவிர உலகில் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்பதால் அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: ஆடிட். வாங்குகிற நிறுவனத்தார் தொழிற்சாலையைச் சோதிக்க வருகிறார்கள். வேறு எதற்காகவும் வெளிநாட்டார் வந்து இவர்கள் கண்டதில்லை. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது நம் பெற்றோர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். தரையில் மஞ்சள் கோடு. வருகிறவர் அப்பக்கம், வேலை செய்கிறவர் இப்பக்கம். எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், எந்த இடத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

பொங்கல் விடுமுறை முழுவதும் தணிகாசலமும் பெற்றோர்களும் பள்ளியிலேயே கிடந்தார்கள். மஞ்சள் நாடா சுருள் சுருளாக வந்தது. தாழ்வாரம் முழுக்கக் கோடு. துடைப்பத்துக்கு ஒரு கட்டம், வாளிக்கு ஒரு கட்டம். வேப்பமரத்தில் ‘வேப்பமரம்’ என்று ஒரு சீட்டு. அலுவலக வாசலில் பள்ளி நாய் மணி வழக்கமாகப் படுக்கும் இடத்தில் ஒரு சதுரம். அதற்கு மேல் சுவரில் ‘நாய் படுக்கும் இடம்’. பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நடந்தது.

"ரூலு இன்னா?" என்று தணிகாசலம் முழங்குவார்.

"கேட்டா மட்டும் பதில்!"

"கேக்காங்காட்டி?"

"மூச்சு!"

நான் ஆசிரியராக இருந்த காலமெல்லாம் கொண்டுவர முயன்ற ஒழுங்கு, ஒரு பொங்கல் விடுமுறையில் வந்து நின்றது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. காலையும் மாலையும் தாழ்வாரத்தில் அந்தக் கோட்டின் மீதே நடந்து பார்த்தேன், எங்கும் கோணவில்லை.

19 ஜனவரி 2024, வெள்ளிக்கிழமை. வேன் வந்து நின்றபோது என் இதயம் அடித்த வேகத்தை மருத்துவர் கேட்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எட்டு மாணவர்கள் இறங்கினார்கள். ஆசிரியை ஹான் அம்மையார், சிறிய உருவம், பெரிய தோள்பை. மொழிபெயர்க்க இசக்கியம்மாள் வந்திருந்தார். தென்காசிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் விடுதியில் தங்கி வேலை பார்த்துக்கொண்டே கொரிய மொழி கற்று, இப்போது அதையே தொழிலாக வைத்திருப்பவர். விருந்தாளிகள் கழுத்தில் தணிகாசலம் பெயரட்டைகளை மாட்டினார். பெற்றோர்கள் தத்தம் தொழிற்சாலைச் சீருடையை இஸ்திரி போட்டு அணிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள்.

எட்டுப் பேரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். காலடி ஓசை கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. மின்ஜே என்ற உயரமான பையன் முதல் வகுப்புக் குழந்தை ஒன்றைப் பார்த்துக் கையசைத்தான். குழந்தை தணிகாசலத்தைப் பார்த்தது, கையசைக்கவில்லை. அவன் வேப்பமரத்துச் சீட்டைப் புகைப்படம் எடுத்துக்கொண்டான். தணிகாசலம் என்னிடம் மெதுவாக, "எல்லாம் ஓ.கே. சார். நாய் மட்டும் எடத்துல இல்ல. அது ஒண்ணுதான் நமக்கு மைனஸு" என்று கவலைப்பட்டார்.

சுற்றி முடித்ததும் ஹான் அம்மையார் இசக்கியம்மாளிடம் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். இசக்கியம்மாள் எங்களிடம் வந்தார்.

"சார், அவங்க என்ன சொல்லுதாங்கன்னா, எல்லாம் ரொம்பச் சுத்தம், ரொம்ப ஒழுங்கு, ரொம்ப நன்றின்னு சொல்லுதாங்க. ஆனா பிள்ளைங்க பயந்துபோய் நிக்க மாதிரி இருக்காம். பெரியவங்க முகத்துலயும் சிரிப்பில்லையாம். நம்மள வீட்டுல வச்சுக்க இவங்களுக்கு இஷ்டமில்ல போலுக்கு, சும்மா மரியாதைக்குச் சரின்னுட்டாங்கன்னு நெனைக்காங்க. உங்களுக்குச் சங்கடம் குடுக்க வேண்டாம்னு ஹைவேல ஓட்டலுக்குச் சொல்லியாச்சாம். சாயங்காலம் போயிருவாங்க."

தணிகாசலத்தின் முகம் அன்று போனதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "இஷ்டமில்லையா?" என்றார். "எங்களுக்கா?" மறுபடியும், "நல்லாத்தானம்மா பண்ணோம்? இத்தவிட நல்லா எந்த ஃபேக்டரில பண்ணிகீறாங்க?" என்றார். செல்வி அம்மையார் சீருடையின் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எங்கோ பார்த்தார். அவர் அன்று விடுப்பு எடுத்து, விடியுமுன்பே மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தார்.

நான், விருந்தினரின் விருப்பத்தை மதிப்பதே முறை என்று சொல்லத் தொடங்கினேன். தணிகாசலம் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இருங்க சார். குளோசிங் மீட்டிங் வைக்காம எவனும் போவக் கூடாது. கொற இன்னான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தான் போவணும். அதான் ஆடிட்டு."

எல்லோரையும் மைதானத்தில், கோட்டுக்கு இருபுறமும் உட்கார வைத்தார். இசக்கியம்மாளை அருகே நிறுத்திக்கொண்டு விருந்தாளிகளைக் கேட்டார்: "இன்னா கொற கண்டீங்க? மறைக்காம சொல்லுங்க. சரி பண்ணிக்கிறோம்." ஹான் அம்மையார் எழுந்து, ஒரு குறையும் இல்லை என்று குனிந்து வணங்கினார். மற்றவர்களும் வணங்கினார்கள். மின்ஜே மட்டும் எழுந்து நின்றுகொண்டே இருந்தான். பிறகு தன் கழுத்தட்டையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னான்.

"இந்தப் பையன் சொல்லுதான் சார், என் பேரு இதுல எழுதியிருக்கு, ஆனா இங்க யாருமே என் பேரக் கேக்கலன்னு சொல்லுதான். இத்தன பேரு இருக்காங்க, ஒருத்தரும் ஒண்ணுமே கேக்கலையாம்."

மைதானத்தில் பெருமூச்சு ஒன்று ஓடியது. பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான், ஆடிட்டில் வருகிறவர்தான் கேட்பார், நிற்கிறவர் கேட்பதில்லை. இருபது ஆண்டுகளில் எவருக்கும் அப்படித் தோன்றியதே இல்லை.

தணிகாசலம் காலடியில் கிடந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவருடைய குரல் வாலாஜாபாத்துக்கே கேட்டிருக்கும்.

"டேய்! ஆடிட்டு முடிஞ்சிது! இப்ப நாம்பதான் கஸ்டமரு! இவங்கதான் பதில் சொல்லணும்! கேளுங்கடா, இன்னா வேணும்னாலும் கேளுங்க!"

ஒருவரும் அசையவில்லை. அத்தனை நாள் பயிற்சி அப்படி. உடனே அவரே நடந்தார். மைதானத்தின் குறுக்கே ஆணியடித்து இழுத்திருந்த மஞ்சள் கோட்டைத் தம் கனத்த பாதுகாப்புக் காலணியோடு தாண்டி, மின்ஜேயின் முன்னால் போய் நின்று, அவன் கழுத்தட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"தம்பி, உம் பேரு இன்னா?"

இசக்கியம்மாள் வாய் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான். "மின்ஜே."

"நான் தணிகா. வா."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக விவரிக்க என்னால் இயலாது. அங்கே ஒழுங்கு என்பதே இல்லை. கோடு இருந்த இடம் தெரியவில்லை. எட்டுப் பேரையும் எண்ணூறு கைகள் சூழ்ந்தது போலிருந்தது. முடியை எப்படி இப்படி நிற்க வைத்தாய், கொரியத் தொடர்களில் வருவது போல உங்கள் ஊரில் எல்லோரும் மழையில் குடை பகிர்ந்துகொள்வார்களா, தேர்வில் தோற்றால் அம்மா அடிப்பாரா, இட்லி தெரியுமா என்று கேள்விகள் பறந்தன. "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுதீங்க, எனக்கு ஒரு வாய்தான இருக்கு!" என்று இசக்கியம்மாள் கத்தினார். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மின்ஜேயின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அண்ணா, உங்கப்பா எந்த ஷிஃப்ட்டு?"

அவன் கேள்வியைக் கேட்டு வியந்து இசக்கியம்மாளைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் பதில் சொன்னான். இசக்கியம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இவன் அப்பாவுக்குக் கப்பல் கட்டுற எடத்துல வெல்டிங் வேலையாம். ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் நைட்டாம். நைட் வாரத்துல, அவரு தூங்குதாருன்னு வீட்டுல டி.வி. போட மாட்டாங்களாம்."

"நைட்டாம்டா!" என்று ஒரு தந்தை துள்ளினார். "எங்க வூட்லயும் அதான்! ஓ.டி. உண்டான்னு கேளும்மா!" சீருடைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பையனைத் தங்கள் சொந்த லைனில் வேலை செய்கிறவரின் மகனைப் போல் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன். அதுவரை யாரையும் நான் முதுகில் தட்டியதில்லை.

ஹான் அம்மையார் சிரித்துக்கொண்டே, ஆனால் விடாமல், செல்வி அம்மையாரிடம் போய் நின்றார். அழைத்துப் போவதில் உங்களுக்கு மனப்பூர்வமான விருப்பம்தானா என்று கேட்கச் சொன்னார். செல்வி அம்மையார் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "கொழம்பு ஆறிகினுகீது. வரச் சொல்லு."

அதை இசக்கியம்மாள் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. ஓட்டலுக்குத் தொலைபேசி போயிற்று. அன்றிரவு எட்டு மாணவர்களும் எட்டு வீடுகளில் உறங்கினார்கள். ஹான் அம்மையார் தலைமையாசிரியை வீட்டில்.

22 ஜனவரி, திங்கட்கிழமை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"சார்! சொல்ட்டான் சார்!"

"யார், என்ன சொன்னார்கள்?"

"மின்ஜே சார்! நேத்து சாம்பார்ல கைய வெச்சான், வாயில வெச்சான், செல்வியப் பாத்தான், தமிழ்ல சொல்றான் சார், 'உப்பு கம்மி'ன்னு! யாரும் சொல்லிக் குடுக்கல! பிரவீன் சத்தியம் பண்றான், அவன் சொல்லிக் குடுக்கலியாம்!"

பின்னணியில் செல்வி அம்மையாரின் குரல் கேட்டது. "கல்யாணம் ஆன நாளா வாயத் தொறந்து கொற சொல்லாத மனுசன், ஊரான் புள்ள சொன்னதுக்கு ஊரெல்லாம் போன் போட்றாரு." கம்மியாகத்தான் இருந்ததா என்று நான் கேட்டேன். "கம்மிதான்" என்றார் தணிகாசலம். "எப்பவுமே கொஞ்சம் கம்மிதான் சார்."

25 ஜனவரி, வியாழக்கிழமை, மறுநாள் குடியரசு நாள் கொடியேற்றத்துக்குச் சாமான் வாங்க நானும் அவரும் வாலாஜாபாத் போனோம். மின்ஜேயும் பிரவீனும் உடன் வந்தார்கள். பாத்திரக் கடைமுன் தணிகாசலம் நின்றார். ஓர் எவர்சில்வர் டம்ளர் எடுத்து, பெயர் வெட்டித் தரச் சொன்னார். கடைக்காரர் மின்பேனாவை எடுத்தார். மின்ஜே அதை வியந்து பார்த்தான். டம்ளரில் எதற்குப் பெயர் என்று பிரவீனிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

"பேரு?" என்றார் கடைக்காரர்.

"மின்ஜே."

"இனிஷியலு?"

"த போடு" என்றார் தணிகாசலம், சற்றும் யோசிக்காமல்.

நான் குறுக்கிட்டேன். அந்தப் பையனுடைய தந்தையின் பெயர் வேறு. அவர்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ஆகவே ‘த’ என்பது முறையாகாது என்று விளக்கினேன்.

"இன்னா சார் முறை? பிரவீன் டம்ளர்ல 'த' கீது. இவன் டம்ளர்ல வேற இன்னாத்த போட்றது? நாளிக்கி செல்வி அக்கம்பக்கத்து விசேஷத்துக்கு இத்தக் குடுப்பா. வேற எழுத்து இருந்தா வேற எவன் வூட்டுக்காச்சும் பூடும். 'த' இருந்தாத்தான் நம்ம வூட்டுக்குத் திரும்பி வரும்."

மின்பேனா உறுமியது. ‘த. மின்ஜே’. பையன் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான், பேருந்து ஒரகடம் வரும் வரைக்கும்.

27 ஜனவரி, சனிக்கிழமை, அவர்கள் புறப்பட்டார்கள். மின்ஜே டம்ளரைத் துணிகளுக்கிடையே சுற்றி வைத்திருந்தான். செல்வி அம்மையார் பையைத் திறந்து அதை எடுத்துக்கொண்டார். "இத்த எட்த்துகினு பூட்டா, திரும்பி வரச்சொல்ல எதுல குடிப்பே?" இசக்கியம்மாள் மொழிபெயர்த்தார். அவன் அழுதான். தணிகாசலம் அழவில்லை, வேன் திருப்பத்தில் மறைந்ததும் தாழ்வாரத்துக்குப் போய் மஞ்சள் நாடாவை உரிக்கத் தொடங்கினார். அந்தி வரை உரித்தார். மணியின் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டார். அது இன்றும் இருக்கிறது. மணி அதற்கு வெளியேதான் படுக்கிறது.

பால் தெளிப்பு முடிந்த சில நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். இந்த ஆண்டு துக்க ஆண்டு என்பதால் வருகிற பிள்ளைகளை ஓட்டலில் தங்க வைத்துவிடலாம் என்று உறுப்பினர் சிலர் கூறியதை, உரிய தயக்கத்தோடு செல்வி அம்மையாரிடம் தெரிவித்தேன். அவர் கேட்டது:

"மெத்த வாங்கியாச்சா சார்?"

இன்னும் இல்லை என்றேன்.

"எந்த ஓட்டலுக்கும் போவ வேணாம். எங்க வூட்டுக்கு ரெண்டு பேரு. மின்ஜே முந்தாநாள் போன்ல மூஞ்சி பாத்து அழுதான். காலேஜு சேந்துட்டானாம், ஜூலைல லீவாம், டீச்சர் கூடவே வரானாம். 'அம்மா, டம்ளர் இருக்கா'ன்னு தமிழ்ல கேட்டான். அலமாரியத் தொறந்து காமிச்சேன். அவரு இருந்தா இந்நேரம் ஊரக் கூட்டியிருப்பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாச்சும் கூட்டுங்க" என்றார்.

கூட்டுகிறேன். அதற்காகவே இக்கடிதம். ஜூலையில் பத்து மாணவர்கள் வருகிறார்கள். பத்துப் பேரும் நம் வீடுகளில்தான் தங்குவார்கள். தொழிற்சாலைச் சீருடை வேண்டாம். கழுத்தட்டை வேண்டாம், பட்டியலில் பெயர் இருந்தாலும் நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டு, இம்முறை அதை நானே நடத்துவேன்: ஆளுக்குப் பத்துக் கேள்வி, எதுவாகவும் இருக்கலாம், அசட்டுக் கேள்வியானால் மிக நன்று. சென்ற முறை என் இல்லத்தில் யாரையும் ஏற்கவில்லை. என் அறைகளின் ஒழுங்கு அதற்கு இடம் தரவில்லை. இம்முறை என் மனைவியும் நானும் இருவரை ஏற்கிறோம்.

தணிகாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்பீர்கள். இரண்டு. முதலாவது, நான் இப்போது ஒவ்வொரு காலையும் பள்ளி வாசலில் நின்று, அட்டையைப் பாராமல், ஒரு பிள்ளையிடமாவது பெயர் கேட்கிறேன். அவர் கேட்ட மொழியிலேயே கேட்கிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டாவது, நேற்று முன்தினம், மார்ச் 7, வெள்ளிக்கிழமை, வாலாஜாபாத்தில் கிடைத்தது. தனியே போய் மெத்தைகள் வாங்கினேன். பிறகு அதே பாத்திரக் கடைக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்து, என் வீட்டுக்கு வரவிருக்கும் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னேன். கடைக்காரர் இனிஷியல் கேட்டார். முறை என்னவென்று எனக்குத் தெரியும். சொன்னேன்.

தங்கள்,
பள்ளிச் செயலர்

இத்துடன் இணைத்திருப்பவை:

1. குடியரசு நாள் குழுப் புகைப்படம், 26 ஜனவரி 2024, வெள்ளிக்கிழமை. தணிகாசலம் அசைந்துவிட்டதால் முகம் தெளிவில்லை. அவர் அசையாத படம் எங்கும் இல்லை.

2. அவர் கையால் உரித்த மஞ்சள் நாடா, ஒரு சாண்.

3. ஜூலையில் வரும் மாணவர்களுக்கு மனமுவந்து இடம் தந்திருக்கும் வீட்டார் பெயர்கள். முதற்பெயர் செல்வி அம்மையாருடையது. இன்னும் ஐந்து வீடுகள் தேவை.

இணைக்காதவை: டம்ளர்கள் மூன்று. ஒன்று தணிகாசலம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டு என் வீட்டில். மூன்றிலும் இனிஷியல் ‘த’.